பொதுநலமும் கரையோர மக்களின் அச்சமும்
கூடங்குளம் தீர்ப்பு குறித்து ஓர் இறையியல் திறனாய்வு

கூடங்குளம் அணுமின் நிலையத்தைக் குறித்து உச்சநீதிமன்றம் 2013-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் வழங்கிய தீர்ப்பைச் சட்ட வல்லுநரும் அறிவியலாரும் சுற்றுச்சூழல் ஆர்வலரும் தத்தம் நோக்கில் ஆராய்ந்துள்ளனர். ஆயினும், திருச்சபை அதனை ஒரு நூலைப் படிப்பது போலப் படித்ததாகத் தெரியவில்லை. ஆதரித்தோரும் எதிர்த்தோரும் தீர்ப்பின் முடிவைச் செய்தித்தாளில் அறிந்து, அத்துடன் நிறைவு கொண்டனர். திருமறைப் பகுதியொன்றைச் சொல் சொல்லாக ஆராயப் பயின்ற நாம், கோடிக்கணக்கான மக்களின் வாழ்வைத் தொடும் ஒரு தீர்ப்பை அவ்வாறு படிக்கத் தவறியது ஒரு குறையே. கூடங்குளத்தில் 3 முதல் 6 வரையிலான உலைகளின் கட்டுமானம் 2017-இலும் 2021-இலும் தொடங்கப்பட்டுள்ளது. அணுமின் துறையில் தனியார் நுழைய வழி திறக்கும் சட்டமும் 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியுள்ளது. ஆகவே, இது முடிந்துபோன வழக்கு எனத் தள்ளிவிடத்தக்கதன்று.

விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இயங்குவதை இவ்விதழின் வாசகர் பலர் அறிவர். அங்கு வழக்குரைஞராயிருக்கும் சபையார் ஒருவரின் துணைகொண்டு இத்தீர்ப்பைப் பல மாலைகள் நாம் படித்தோம். அவ்வாசிப்பின் பயனே இக்கட்டுரை. தீர்ப்பை மட்டுமன்றி, அது வெளிவந்த நாள்களில் நாம் எடுத்த நிலையையும் இங்கே திறனாயக் கடமைப்பட்டுள்ளோம்.

1. தீர்ப்பு பிறந்த சூழல்

கூடங்குளத்தில் இரண்டு அணு உலைகளை நிறுவும் உடன்படிக்கையில் ராஜீவ் காந்தியும் மிக்கயில் கொர்பசேவும் 1988 நவம்பர் 20 அன்று கையொப்பமிட்டனர். செர்னோபில் விபத்து நிகழ்ந்து அப்பொழுது மூன்றாண்டுகள்கூட நிறைவுறவில்லை. 1989 மே 1 அன்று கன்னியாகுமரியில் திரண்ட மீனவர் பேரணி காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. சோவியத் ஒன்றியத்தின் வீழ்ச்சியால் தடைப்பட்ட திட்டம் 1998-இல் புதுப்பிக்கப்பட்டு, 2002-இல் கட்டுமானம் தொடங்கியது. 2011 மார்ச்சு 11 அன்று ஜப்பானில் ஃபுகுஷிமா விபத்து நிகழ்ந்தது. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறிய காட்சியை இடிந்தகரை மக்கள் தொலைக்காட்சியில் கண்டனர். அவ்வாண்டு செப்டம்பர் முதல், லூர்து மாதா ஆலயத்தின் முற்றத்துப் பந்தலே அவர்களது போராட்டக் களமாயிற்று.

இது கடற்கரையின் வரலாறு. உள்நாட்டின் வரலாறு வேறு. இராஜபாளையத்தில் 1936-இல் தொடங்கிய நூற்பாலைத் தொழில் இன்று அவ்வட்டாரத்தின் உயிர்நாடி. அருகிலுள்ள சத்திரப்பட்டியின் தறிகளில் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்யப்படுகிறது. 2012-ஆம் ஆண்டின் மின்வெட்டு இத்தொழில்களை முடக்கியது. உயர் அழுத்த மின் இணைப்புப் பெற்ற ஆலைகள் நுகர்வில் 40 விழுக்காட்டைக் குறைத்துக்கொள்ளப் பணிக்கப்பட்டன. சென்னைக்கு நாளொன்றுக்கு 2 மணி நேரம் மின்சாரம் நின்றபோது, பிற மாவட்டங்களில் அது 10 மணி நேரத்தையும் கடந்தது. கதிர் ஓடாத நாளில் கூலி இல்லை. மூன்று ஷிப்டுகள் இரண்டாகி, இரண்டு ஒன்றாகியபோது, ஞாயிறு காணிக்கைப் பையின் எடையிலேயே அதனை நாம் உணர்ந்தோம். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஆலயத்து மெழுகுவர்த்தித் துண்டுகளைக் கேட்டு வாங்கிச் சென்றனர்.

அந்நாள்களில் நாம் இராஜபாளையத்தை அடுத்த ஒரு சபையில் ஆயராயிருந்தோம். கூடங்குளம் உலையை விரைந்து இயக்குமாறு கோரும் மனுவொன்று தொழிலாளரிடையே சுற்றி வந்தது. சபையின் மூப்பர்கள் கையொப்பமிட்டனர்; அவர்கள் கேட்டுக்கொண்டபடி நாமும் கையொப்பமிட்டோம். சில வாரங்கள் சென்று, 2012 செப்டம்பர் 10 அன்று இடிந்தகரைக் கடற்கரையில் கூடியிருந்த மக்கள்மேல் கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. அதே நாளில் மணப்பாட்டில் மீனவர் ஒருவர் காவல்துறையின் குண்டுக்கு இரையானார். அடுத்த ஞாயிறு ஆராதனையில் அவருக்காக நாம் மன்றாடவில்லை. மறதியால் அல்ல, மன்றாடினால் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று சபையார் கேட்பர் என்ற தயக்கத்தால்.

2. தீர்ப்பின் நற்கூறுகள்

குறை காணுமுன் நிறை காண்பது திறனாய்வின் நெறி. நீதியரசர்கள் கே. எஸ். இராதாகிருஷ்ணனும் தீபக் மிஸ்ராவும் வழக்கை அலட்சியமாகத் தள்ளிவிடவில்லை. கடல் வாழ் உயிர்கள், எரிந்த எரிபொருளின் பாதுகாப்பு, பேரிடர் மேலாண்மை ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்து ஆராய்ந்துள்ளனர். அணு ஆற்றல் வேண்டுமா, வேண்டாவா என்னும் கொள்கை முடிவு அரசுக்கு உரியது, நீதிமன்றத்துக்கு உரியதன்று எனத் தம் எல்லையை வரையறுத்துக் கொண்டமையும் குறை கூறத்தக்கதன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் 15 கட்டளைகளை விதித்தனர். பாதுகாப்புக்குப் பொறுப்பான அமைப்புகளின் இறுதி ஒப்புதலின்றி உலையை இயக்கலாகாது, சுற்றுவட்டார மக்களுக்கான பேரிடர் ஒத்திகைகள் நடத்தப்படல் வேண்டும், எரிந்த எரிபொருளை வைக்க உலைக்கு வெளியே ஒரு களஞ்சியம் 5 ஆண்டுகளுக்குள் அமைக்கப்படல் வேண்டும் என்பன அவற்றுள் அடங்கும். போராடிய மக்கள்மீதான குற்றவழக்குகளைத் திரும்பப் பெற முயலுமாறும் நீதிமன்றம் கூறியது. அம்மக்களைப் பகைவராக அது கருதவில்லை என்பதற்கு இஃதொன்றே போதிய சான்று.

3. 'பொதுநலம்' யாருடைய நலம்?

தீர்ப்பின் மையக் கருத்து பொதுநலம் என்பது. ஒரு தட்டில் நாட்டின் பொருளாதார வளர்ச்சியும் வேலைவாய்ப்பும் வறுமை ஒழிப்பும் வைக்கப்படுகின்றன. மறு தட்டில் சிறு அளவிலான கதிரியக்கத் தீங்கும் தனிமனிதரின் அச்சமும் வைக்கப்படுகின்றன. எத்தட்டு தாழும் என்பதில் ஐயமில்லை. ஆனால் நாம் கேட்க வேண்டியது, தட்டுகளில் பொருள்கள் இடப்பட்ட முறை சரியா என்பதே. ஆலைத் தொழிலாளி 'பொது'வாகவும் மீனவர் 'தனிமனித'ராகவும் ஆனது எவ்வாறு? இடிந்தகரையில் ஓராண்டுக்கும் மேலாகப் பந்தலின்கீழ் அமர்ந்திருந்தவர்கள் தனிமனிதர் அல்லர், ஊர்கள். அவர்களும் பொதுமக்களே.

இவ்வாதத்தின் வடிவம் திருமறை வாசகர்க்குப் புதியதன்று. யோவான் நற்செய்தி 11-ஆம் அதிகாரத்தில், மக்கள் அனைவரும் அழியாதிருக்க ஒருவர் மடிவது நலம் என்று காய்பா ஆலோசனைச் சங்கத்தில் வாதிடுகிறார். நீதியரசர்களைக் காய்பாவுடன் ஒப்பிடுவது நமது நோக்கமன்று, அஃது அநீதியாகும். காய்பா ஒரு மனிதரைக் கொல்ல வழிதேடினார். நீதிமன்றம் மக்களைக் காக்கக் கட்டளைகள் விதித்தது. ஆயினும், பலர் நலத்தின் பெயரால் சிலர்மேல் சுமை ஏற்றப்படும்போது, சுமப்பவரிடம் யாரும் கேட்கவில்லை என்பதே அவ்வாதத்தின் மாறாத குறை. பின்லாந்தில் அணுக்கழிவைப் பாறையின் ஆழத்தில் புதைக்கும் நிலவறைக்கு இடம் தேடியபோது, அந்தந்த ஊராட்சிக்கு மறுக்கும் உரிமை சட்டத்தால் வழங்கப்பட்டிருந்தது. எவுராயோக்கி ஊராட்சி 2000-ஆம் ஆண்டில் இசைவளித்த பின்னரே நாடாளுமன்றம் அதனை ஏற்றது. இடிந்தகரைக்கு அத்தகைய உரிமை எந்நாளும் இருந்ததில்லை.

வாதத்தின் உண்மை அடிப்படையையும் சோதிக்க வேண்டும். கூடங்குளம் இயங்கினால் இருள் நீங்கும் என்பது அக்கால நம்பிக்கை. நமது கையொப்பத்தின் அடிப்படையும் அதுவே. முதல் உலை 2013 அக்டோபர் 22 அன்று மின்தொகுப்புடன் இணைந்தது. வணிக உற்பத்தியைத் தொடங்கியதோ 2014 டிசம்பர் 31 அன்று. அதற்கு முன்னரே, 2014 ஜூன் முதல் மின் கட்டுப்பாடுகள் விலக்கப்படும் என மாநில அரசு அறிவித்திருந்தது. புதிய அனல்மின் நிலையங்கள், வெளியிலிருந்து வாங்கிய மின்சாரம், 2013-இன் இறுதியில் தென்னிந்திய மின்தொகுப்பு நாட்டின் பிற பகுதிகளுடன் இணைக்கப்பட்டமை ஆகியன யாவும் அதற்குக் காரணங்கள். கூடங்குளம் அக்காரணங்களுள் ஒன்று, ஒரே காரணமன்று. 1,000 மெகாவாட் திறனுள்ள ஓர் உலை அற்பமானதும் அன்று. அதன் மின்சாரத்தில் பாதிக்குச் சற்று மிகுதியான பங்கைப் பெறும் நமது மாநிலம் அதனை மறுத்தல் நன்றியின்மையாகும். ஆனால் 'இது இல்லையேல் வாழ்வில்லை' என்று கூறி ஓர் ஊரை வாய்மூடச் செய்தது மிகைக்கூற்று. அம்மிகைக்கூற்றில் நமக்கும் பங்குண்டு.

4. அச்சம் சான்று ஆகாதா?

அச்சம் என்பது ஆளுக்கு ஆள் மாறுபடும் மனநிலை எனத் தீர்ப்பு கருதுகிறது. அச்சம் எவ்வளவு நியாயமானதாயினும் திட்டத்தின் தேவையை அது மேற்கொள்ள இயலாது என்பது அதன் முடிவு. இங்கே நமக்கு உடன்பாடில்லை.

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலையை அம்மக்கள் நூலில் படிக்கவில்லை. கரையில் நின்று கண்டனர். அன்று கல்பாக்கத்தில் கடல்நீர் பம்பு நிலையத்துக்குள் புகுந்ததால், இயங்கிக்கொண்டிருந்த உலை நிறுத்தப்பட்டது. உலை பாதுகாப்பாக நின்றது என்பது பொறியாளரின் பெருமைக்குரியது. ஆனால் கடல் உள்ளே வரும் என்பதும் அன்று மெய்ப்பிக்கப்பட்டது. கடலோடு பிறந்து கடலோடு வாழும் மக்களின் அச்சம் வெறும் நடுக்கமன்று. பட்டறிவு அதில் பொதிந்துள்ளது. அவர்கள் கேட்ட வினாக்களில் எரிந்த எரிபொருள் எங்கே செல்லும் என்பதும் ஒன்று. அணுக்கழிவைக் கோலார் தங்கவயலின் கைவிடப்பட்ட சுரங்கத்தில் வைக்கலாம் என 2012-இல் நீதிமன்றத்தில் பேச்செழுந்தபோது, கர்நாடக மக்கள் எதிர்த்தனர்; உடனே அக்கருத்து கைவிடப்பட்டது. கோலாரின் அச்சம் செவியேறியது. இடிந்தகரையின் அச்சம் உளவியல் ஆயிற்று. இவ்வேறுபாட்டுக்கு நியாயம் யாது?

திருச்சபைக்கும் இங்கே ஒரு சொல் உண்டு. போராட்டத்துக்குப் பின்னே வெளிநாட்டுப் பணம் உள்ளது எனப் பிரதமர் மன்மோகன் சிங்கே 2012 பிப்ரவரியில் கூறியபோது, உள்நாட்டுச் சபைகள் பல தம் கணக்குப் புத்தகங்களை எண்ணி அஞ்சின. 'அவர்கள் கத்தோலிக்கர், அது அவர்கள் விவகாரம்' என்ற பேச்சை ஆயர் கூட்டங்களிலேயே நாம் கேட்டிருக்கிறோம். திருச்சபை ஐக்கியத்தைப் பற்றி வகுப்பில் கற்பித்துவிட்டு, துன்ப வேளையில் சபைப்பிரிவின் மதிலுக்குப் பின்னே ஒதுங்கிக்கொள்வது நமக்கு ஏற்புடையதோ?

5. விதியும் கைப்பிடிச் சுவரும்

தீர்ப்பில் இறையியலாரை நிறுத்தி வைக்கும் ஓரிடம் உண்டு. எதிர்காலத்தில் என்ன நிகழும் என எவராலும் முன்னறிந்து கூறவியலாது என்றும், பெருமளவுக்கு அதனை விதியிடம் விட்டுவிட வேண்டும் என்றும் பொருள்படும் வரிகள் அதில் உள்ளன. பல பக்கங்கள் அறிவியல் பேசிய ஒரு தீர்ப்பு, கடைசிப் படியில் விதியின் வாசலில் வந்து நிற்பது வியப்பன்று. மனித அறிவின் எல்லை அது. ஆனால் விதி என்பது வேறு, இறைப் பராமரிப்பு என்பது வேறு. விதிக்கு முன் மனிதன் கைகட்டி நிற்கிறான். பராமரிப்பில் நம்பிக்கை கொண்டவனோ தன் கடமைக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவனாக நிற்கிறான்.

உபாகமம் 22-ஆம் அதிகாரத்தின் 8-ஆம் வசனம் சிறியதொரு கட்டடச் சட்டம். புதுவீடு கட்டுவோன் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். ஒருவன் விழுந்து மாண்டால், அந்த இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும். விழுபவன் விழவேண்டும் என்பது விதி என்று அச்சட்டம் கூறவில்லை. விழுவது நிகழக்கூடும் என்று முன்னறிந்து, பொறுப்பை வீட்டுக்காரன்மேல் வைக்கிறது. சுவர் வீட்டோடு சேர்த்துக் கட்டப்பட வேண்டியது; குடிபுகுந்து ஆண்டுகள் சென்ற பின் கட்டப்படுவதன்று.

இவ்வளவுகோலால் நோக்கினால் தீர்ப்பின் பெருங்குறை புலப்படும். நீதிமன்றம் கைப்பிடிச் சுவரை வலியுறுத்தியது உண்மை; ஆனால் அது முடியுமுன் குடிபுக இசைந்தது. தீர்ப்பு வந்து இரண்டு திங்களில், 2013 ஜூலை 13 அன்று, முதல் உலையில் தொடர்வினை தொடங்கியது. களஞ்சியத்துக்கு விதித்த 5 ஆண்டுகள் கழிந்தன. நிர்வாகம் கூடுதல் அவகாசம் கேட்டது. 2018-இல் நீதிமன்றம் 2022 ஏப்ரல் வரை கெடுவை நீட்டியது. அக்களஞ்சியத்துக்கென 2019 ஜூலையில் நடக்கவிருந்த மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் ஒத்திவைக்கப்பட்டது. கழிவை நிரந்தரமாக வைப்பதற்குரிய ஆழ்நில அறை நம் நாட்டில் இன்றுவரை எங்கும் இல்லை. எரிந்த எரிபொருளிலுள்ள புளூட்டோனியம் 239 பாதியாகக் குறையவே ஏறத்தாழ 24,000 ஆண்டுகள் ஆகும். ஆபிரகாமுக்கும் நமக்கும் இடையே உள்ள காலத்தைப் போல் ஆறு மடங்கு அது. அவ்வளவு நீண்ட பொறுப்பை விதியிடம் விடுவது எளிது. அதனாலேயே அது நமக்கு விலக்கப்பட்டது.

6. பெத்லகேமின் தண்ணீர்

தீர்ப்பைத் திறனாய்ந்தது போல நம்மையும் திறனாய வேண்டும். இராஜபாளையத்திலிருந்து கூடங்குளம் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவு. மின்சாரம் திருநெல்வேலியை அடுத்த அபிஷேகப்பட்டித் துணைமின் நிலையம் வழியே மின்தொகுப்பில் கலந்து நம் ஊர்களை அடைகிறது. ஆபத்தும் கழிவும் கரையிலேயே தங்குகின்றன. இந்நிலையை எண்ணும்போதெல்லாம் 2 சாமுவேல் 23-இல் வரும் நிகழ்ச்சி நம் நெஞ்சை உறுத்துகிறது. அதுல்லாம் குகையில் தாகமுற்ற தாவீது, பெத்லகேமின் வாயிலருகே உள்ள கிணற்றுத் தண்ணீருக்கு ஏங்குகிறார். வீரர் மூவர் பெலிஸ்தரின் பாளையத்தைப் பிளந்து சென்று அதனைக் கொண்டு வருகின்றனர். தாவீதோ குடிக்க மறுக்கிறார். அதை அம்மூவரின் இரத்தமாகவே கருதி, ஆண்டவர் திருமுன் ஊற்றிவிடுகிறார்.

இப்பகுதியை அவசரமாகக் கையாளலாகாது. தாகம் பாவம் என்று தாவீது கூறவில்லை. ஆலைத் தொழிலாளியின் வேலைத் தேவையும், இரவில் விசிறியின்றித் தவிக்கும் குழந்தையின் தேவையும் மெய்யான தாகங்களே. மின்சாரத்தைத் தரையில் ஊற்றிவிடவும் நம்மால் இயலாது. பிற வழிகளும் விலையற்றவை அல்ல. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் சாம்பலும், நெய்வேலிச் சுரங்கத்துக்காக இடம்பெயர்ந்த ஊர்களும் அதற்குச் சாட்சி. இராஜபாளையத்து ஆலைகள் சில காற்றாலைகளை நிறுவியுள்ளமை பாராட்டுக்குரியது. ஆயினும் ஆடிக் காற்று ஓய்ந்தபின் அவையும் மின்தொகுப்பையே நம்பியிருக்கின்றன. அணு உலையைக் கண்டிப்பது மட்டும் போதும் என எண்ணுவோர் இவ்வுண்மைகளை எதிர்கொள்ள வேண்டும்.

எனினும் தாவீது நமக்குக் கற்பிப்பது ஒன்றுண்டு. தண்ணீர் எங்கிருந்து வந்தது, யார் உயிரைப் பணயம் வைத்து வந்தது என்பதை அவர் அறிந்திருந்தார். அதை ஆண்டவர் திருமுன் வெளிப்படக் கூறினார். நாமோ விளக்கை ஏற்றினோம், விலையைக் கேட்கவில்லை. மேலும், அம்மூவர் தாமாகவே சென்றனர், இடிந்தகரையார் அனுப்பப்பட்டனர். ஆகவே நமது கடன் தாவீதின் கடனினும் பெரிது.

முடிவுரை

தீர்ப்பைக் கிழித்தெறியுமாறு நாம் கூறவில்லை. அதனைக் கடைசிக் கட்டளை வரை படிக்குமாறு கூறுகிறோம். உலை இயங்குவதற்கு அனுமதி தந்த அதே தீர்ப்பு, உலையை நடத்துவோருக்குக் கடமைகளையும் விதித்தது. அனுமதியின் பயனை நுகரும் உள்நாட்டு மக்களே அக்கடமைகளைப் பற்றிக் கேட்கும் முதல் உரிமையாளர். பேரிடர் ஒத்திகை நடந்ததா, களஞ்சியம் எந்நிலையில் உள்ளது, வழக்குகள் யாவும் முடிந்தனவா என்னும் வினாக்களைக் கரையோர மக்கள் எழுப்பினால் அது போராட்டம் எனப்படுகிறது. இராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் எழுந்தால் அதனை அவ்வாறு தள்ளிவிட இயலாது. விபத்து நேர்ந்தால் இயக்குபவர் தரவேண்டிய இழப்பீட்டை 2010-ஆம் ஆண்டுச் சட்டம் 1,500 கோடி ரூபாய் என வரம்பிட்டிருந்தது. அதன் இடத்துக்கு வந்துள்ள 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் இறையியல் மாணவர் இவ்வாறே சொல் சொல்லாகப் படிப்பாராக.

2012-இல் நாம் இட்ட கையொப்பத்தை இன்று அழிக்க இயலாது. தொழிலாளரின் கண்ணீர் அதில் இருந்தமையால், முழுவதும் தவறு என்றும் கூற மாட்டோம். ஆனால் அம்மனுவில் ஒரு வரி குறைவாயிருந்தது: உலையை இயக்குக என்று கேட்ட நாம், கைப்பிடிச் சுவரை முதலில் எழுப்புக என்று கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சொல்லாது விட்ட மன்றாட்டும் குறைவாயிருந்தது. பல்லாண்டுகள் கழித்தேனும் அதனைச் சொல்லத் தொடங்கியிருக்கிறோம். ஆராதனையில் ஆலைத் தொழிலாளருக்காக மன்றாடும் அதே மூச்சில் கரையோர மக்களுக்காகவும் மன்றாடுகிறோம். எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று சபையார் கேட்கின்றனர். அவ்வினாவுக்கு விடை கூறக் கடமைப்பட்டோர் ஆயர்கள் என்பதை உணர்ந்தே இதனை எழுதுகிறோம்.